குடைச்சல், குறட்டை, கோழித்தூக்கம்: டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் இரவு

திங்கள், புதன், வெள்ளி. இந்த மூன்று நாளும் விடியற்காலை நாலே முக்காலுக்கு நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் பெரியப்பா வீட்டு வாசலில் நிற்பேன். அவருக்குச் சிறுநீரகம் ஓய்ந்துவிட்டது. அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், ரத்தத்தை மெஷினால் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் யூனிட்டில் விடுவது என் பொறுப்பு. டர்பன் அப்போதுதான் லேசாக வெளுக்கத் தொடங்கியிருக்கும். ஆனால் நான் எத்தனை சீக்கிரம் போனாலும் அந்த வீட்டுச் சமையலறை விளக்கு எரியும். பெரியப்பா வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நடந்துகொண்டிருப்பார்.

"அதுக்குள்ள எழுந்துட்டீங்களா பெரியப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"படுத்தாத்தானே எழுந்திரிக்கிறதுக்கு" என்றார்.

நான் டாக்டர் இல்லை, வண்டி ஓட்டுகிறவன். யூனிட்டின் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து, அங்குள்ள சிஸ்டர்களைக் கேட்டு, வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் மெஷினுக்குப் போகிறவர் ஒருவர் இருந்து, அவர் இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தால் இது உதவலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நல்ல சிறுநீரகம் வாரத்துக்கு 168 மணி நேரமும் ஓயாமல் வேலை செய்யும். மெஷின் வாரத்தில் மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம். ஆக 12 மணி நேரம். மீதி 156 மணி நேரமும் உப்பு, தண்ணீர், கழிவு எல்லாம் உடம்புக்குள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும். அதிலும் வெள்ளிக்கிழமை மெஷினை விட்டு இறங்கினால் திங்கள்தான் மறுபடி. அந்த ஞாயிறு இரவுதான் வாரத்திலேயே கனமான இரவு. தூக்கத்தைக் கெடுக்கிற சங்கதிகளில் பாதி இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

இது அங்கொருவர் இங்கொருவருக்கு வருகிற தொல்லையும் இல்லை. பல நாடுகளில் டயாலிசிஸ் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு பெரிய ஆய்வில், ஏறக்குறைய பாதிப்பேர் தங்களுக்குச் சரியான தூக்கம் இல்லை என்றே சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை யூனிட்டுக்குள் போகும்போது நாற்காலிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று விட்டு ஒரு நாற்காலி.

ஆனால் "தூக்கம் வரவில்லை" என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. அதற்குப் பின்னால் நாலைந்து வேறு வேறு ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் மருந்து வேறு. பெரியப்பா விஷயத்தில் முதல் ஆளைப் பிடிக்கவே எங்களுக்கு இரண்டு வருஷம் ஆனது. அதற்குக் காரணம் ஒரு தமிழ்ச் சொல்.

டர்பன் தமிழ்க் குடும்பங்களில் அன்றாடப் பேச்சு இங்கிலீஷ் ஆகி வெகுகாலம். பெரியப்பாவும் யூனிட்டில் இங்கிலீஷில்தான் பேசுவார். ஆனால் வலி, சாமி, கோபம் மூன்றுக்கும் அவரிடம் தமிழ்தான். காலில் என்ன செய்கிறது என்று கேட்டால் "குடைச்சல்" என்பார். அதை இங்கிலீஷில் சொல்லத் தெரியாமல் சிஸ்டரிடம் "வலி" என்று சொல்லிவிட்டார். அவர்களும் வலி என்று எழுதிக்கொண்டு வலி மாத்திரை கொடுத்தார்கள். வலியே இல்லாத காலுக்கு வலி மாத்திரை என்ன செய்யும்?

ஒருநாள் வண்டியில் வரும்போது நான் துருவித் துருவிக் கேட்டேன். "வலிக்கலடா. எலும்புக்குள்ள யாரோ சோடாவ ஊத்திவிட்ட மாதிரி இருக்கு. அசைச்சா அடங்கும், நிறுத்துனா மறுபடி பொங்கும்" என்றார். இந்த இரண்டு வாக்கியத்தில் நோய் முழுவதும் இருக்கிறது. மருத்துவத்தில் இதை அமைதியற்ற கால் நோய் என்கிறார்கள். டாக்டர்கள் நாலு விஷயத்தைப் பார்ப்பார்கள்: காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்துதல் இருக்கிறதா, சும்மா இருக்கும்போது அது வருகிறதா, நடந்தால் குறைகிறதா, சாயங்காலத்துக்கு மேல் கூடுகிறதா. நாலுக்கும் ஆமாம் என்றால், அதுபோலத் தெரிகிற வேறு தொல்லைகளையும் ஒதுக்கிவிட்டு இந்தப் பெயரைச் சொல்வார்கள். அதைச் சொல்ல ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ வேண்டாம். நோயாளி வாய் திறந்து சொன்னால் போதும். அவர் எந்தச் சொல்லில் சொல்கிறார் என்பதில்தான் காரியமே இருக்கிறது.

இது பழைய நோய். தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1672-லேயே இதை எழுதிவைத்திருக்கிறார். படுத்தவுடன் கைகால் துடித்து, சித்திரவதைக் கூடத்தில் கிடப்பவர்போலத் தவிக்கிறவர்கள் என்று விவரித்திருக்கிறார். 1945-ல் ஸ்வீடனைச் சேர்ந்த எக்போம் என்பவர் அதை விரிவாக ஆராய்ந்து இன்றைய பெயரைக் கொடுத்தார். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு இது உண்டு.

ஏன் வருகிறது? முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் இரும்புச்சத்துக்கு இதில் பெரிய பங்கு. மூளையில் அசைவைக் கட்டுப்படுத்தும் டோபமின் என்ற ரசாயனம் உருவாக இரும்பு வேண்டும். டயாலிசிஸில் ஒவ்வொரு தடவையும் குழாயிலும் வடிகட்டியிலும் கொஞ்சம் ரத்தம் தங்கிப்போகும். அதோடு இரும்பும் போகும். அதனால்தான் பலருக்கு மெஷினில் இருக்கும்போதே இரும்பு மருந்தை ரத்தத்தில் ஏற்றுகிறார்கள். கால் குடைச்சல் இருக்கிறவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "என் இரும்பு எவ்வளவு இருக்கு?" என்பதுதான்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. உடம்பு அரிக்கிறது என்று கொடுக்கிற பழைய ரக அலர்ஜி மாத்திரைகள், அதாவது போட்டவுடன் கண்ணைச் சொக்க வைப்பவை, கால் குடைச்சலைக் கூட்டிவிடும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடும் அப்படித்தான். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. பெரியப்பா அரிப்புக்காகக் கடையில் தானே வாங்கிய மாத்திரையைத் தினமும் படுக்கும் முன் போட்டுக்கொண்டிருந்தார். தூங்க உதவும் என்று நினைத்துப் போட்டது காலைக் கிளப்பிவிட்டுக்கொண்டிருந்தது. இப்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. யூனிட் டாக்டரைப் பார்க்கப் போகும்போது டப்பாவையே எடுத்துப் போகிறோம்.

இரும்பு சரியான பிறகும் குடைச்சல் நின்றபாடில்லை என்றால் மருந்துகள் உண்டு. கபாபென்டின் அதில் ஒன்று. அது சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்து. சிறுநீரகம் ஓய்ந்தவருக்கு உடம்பிலேயே தங்கித் தலைசுற்றலும் மயக்கமும் தரும். அதனால் மிகக் குறைந்த அளவில், பெரும்பாலும் டயாலிசிஸ் முடிந்த பிறகு கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார் என்று வாங்கிப் போடுகிற மாத்திரை இது இல்லை.

சரி, இரண்டு வருஷம் பெரியப்பா ஏன் யாரிடமும் இதைப் பெரிதாகச் சொல்லவில்லை? நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "நாற்காலி கிடைச்சதே பெருசு. அதுக்கு மேல இதையும் போய்ச் சொல்லுவாங்களா?"

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்ட் காப்பீடு உள்ளவர்கள் நூற்றுக்குச் சுமார் 15 பேர்தான். மற்றவர்களுக்கு அரசு மருத்துவமனை. அங்கே நாற்காலி கொஞ்சம், கேட்பவர்கள் நிறைய. எங்கள் டர்பன்காரர் தியாகராஜ் சுப்ரமணியின் வழக்கை இங்குள்ள மூத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. அவருக்கு வயது 41, வேலை இல்லை, நீரிழிவும் இதய நோயும் இருந்தது. 1996-ல் சிறுநீரகமும் செயலிழந்தது. கையிலிருந்த பணம் தீரும்வரை தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொண்டார். பிறகு அடிங்டன் அரசு மருத்துவமனையைக் கேட்டார். அங்கே மொத்தம் 20 மெஷின்கள், அவற்றிலும் சில பழுதான நிலையில் இருந்தன. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவர்களுக்கே நீண்டகால டயாலிசிஸ் என்பது அங்கே விதி. இதய நோய் இருந்ததால் அவர் அதற்குள் வரவில்லை. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. இருப்பதே குறைவு, அதைப் பங்கிடும் முறையில் நியாயக்கேடு இல்லை என்று 1997 நவம்பர் 27-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சில நாளிலேயே அவர் இறந்துபோனார்.

இப்படி ஒரு கதையைக் கேட்டு வளர்ந்த ஊரில், நாற்காலி கிடைத்தவர் "எனக்கு ராத்திரி தூக்கம் வரலை" என்று சொல்லக் கூச்சப்படுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனாலும் அந்தக் கூச்சம் தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. அரித்துச் சொறிவதையும் கால் துடிப்பதையும் சொன்னால் நாற்காலியைப் பிடுங்கிவிட மாட்டார்கள். சொல்லாமல் விட்டால்தான் வம்பு. கால் குடைச்சல் தாங்காமல் சிலர் நாலு மணி நேரம் முடியும் முன்பே "கழற்றிவிடுங்க" என்று எழுந்துவிடுகிறார்கள். கிடைத்த 12 மணி நேரத்திலும் குறைந்துபோனால் நஷ்டம் யாருக்கு?

மருத்துவர்கள் வாழ்க்கைத் தரம் என்று ஒன்றை அளக்கிறார்கள். பேரைக் கேட்டால் பெரிதாக இருக்கும், கேள்விகள் சாதாரணமானவை: மாடிப்படி ஏறமுடிகிறதா, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகமுடிகிறதா, போன மாதம் எத்தனை நாள் சோர்ந்து கிடந்தீர்கள். எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்தபின் பழைய ஆளாக ஆவதற்கு எத்தனை மணி நேரம் ஆகிறது? சிலருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் தெளிந்துவிடும். பத்தில் ஒருவருக்கு 12 மணி நேரத்துக்கு மேலும் ஆகிறது. அப்படியென்றால் வாரத்தில் மூன்று நாள் கணக்கில் சேராது. முந்தின இரவு தூங்காதவர் மெஷினில் ஏறினால் என்ன ஆகும் என்று வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். பெரியப்பா வீடு வந்து சேர்ந்தபின் செருப்பைக் கழற்றக்கூடக் குனியமாட்டார்.

இனி இரண்டாவது ஆள். இவரைக் காட்டிக்கொடுத்தது பெரியம்மா.

"உங்க பெரியப்பா குறட்டை விட்டா எனக்குக் கவலை இல்லப்பா. குறட்டை நிக்கும்போதுதான் பயம்" என்றார் ஒருநாள். நின்று, நாங்கள் பத்து எண்ணுகிற நேரம் சத்தமே இல்லாமல் இருந்து, பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கினவர் மாதிரி ஒரு பெரிய மூச்சு. அப்புறம் மறுபடி குறட்டை. தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்றுபோவது இது. ஒவ்வொரு தடவையும் மூளை அவரை லேசாக எழுப்பிவிடும். அவருக்கு அது ஞாபகம் இருக்காது. எட்டு மணி நேரம் தூங்கினேன் என்பார், பகலெல்லாம் கோழித்தூக்கம் போடுவார்.

குண்டானவர்களுக்கு வருவதுதானே இது, பெரியப்பா ஒல்லியாயிற்றே என்று நான் நினைத்தேன். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. அது தண்ணீர். பகலில் நிற்கும்போதும் உட்காரும்போதும் உடம்பில் தேங்கிய நீர் காலில் இறங்கி நிற்கும். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் தழும்பு தெரிகிறதே, அதுதான். இரவு படுத்தவுடன் அந்த நீர் கால் மட்டத்திலிருந்து மேலே ஏறி, கழுத்துப் பக்கம் சேரும். தொண்டையைச் சுற்றியுள்ள சதை ஊறி, மூச்சு போகிற வழி குறுகும். தலையணைக்கு அடியில் ஒரு நனைந்த பஞ்சை வைத்து அழுத்துவது போல என்று எனக்கு நானே சொல்லிப் புரிந்துகொண்டேன்.

இதற்குச் சாட்சியாக டொரன்டோவில் நடந்த ஓர் ஆய்வு 2001-ல் வெளியானது. ஆட்கள் 14 பேர்தான், ஆனால் முடிவு கண்ணில் அறைகிற மாதிரி இருந்தது. வாரம் மூன்று நாள் பகல் டயாலிசிஸ் செய்தவர்களை, வீட்டிலேயே தினமும் இரவு தூங்கும்போது மெதுவாகச் செய்யும் டயாலிசிஸுக்கு மாற்றினார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 25 தடவை தடைபட்ட மூச்சு, 8 தடவையாகக் குறைந்தது. நமக்கு இரவு டயாலிசிஸ் வசதி கிடைக்காமல் போகலாம். ஆனால் இதிலிருந்து தெரிகிற விஷயம் நமக்கும் பொருந்தும்: மெஷினுக்கு மெஷின் இடையே ஏறும் எடை குறைந்தால் கழுத்துக்கு ஏறும் தண்ணீரும் குறையும்.

எடை ஏறுவது தண்ணீரால், தண்ணீர் தாகத்தால், தாகம் உப்பால். டர்பன் வீட்டுக்கு ஞாயிறு என்றால் பிரியாணி, ஓரத்தில் அச்சார். ஒரு கரண்டி மாங்காய் அச்சார் உள்ளே போனால் சாயங்காலம் நாக்கு ஒட்டிக்கொள்ளும், இரண்டு டம்ளர் தண்ணீர் கூடப் போகும். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது இன்னொரு சங்கடம். சாமி பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. கூழ் சாப்பாட்டுக் கணக்கில் வருகிறது என்று பெரியப்பா வாதாடுவார். வராது, அது தண்ணீர்க் கணக்கு. ரசம், ஐஸ் கட்டி, தயிர், தேநீர் எல்லாம் அதே கணக்குதான். இங்குள்ள ரூய்போஸ் என்ற மூலிகைத் தேநீரில் காபின் இல்லை, அதனால் தூக்கத்தைக் கெடுக்காது என்பது சரி. ஆனால் டம்ளரில் ஊற்றினால் அதுவும் தண்ணீர். கடைசியில் கூழை ஒரு சின்னக் கிண்ணத்தில் வாங்கி, அன்றைக்கு ஒரு தேநீரைக் குறைத்துக்கொள்வது என்று சமாதானம் ஆனது.

மூச்சு நிற்பதை உறுதிசெய்ய ஓர் இரவுப் பரிசோதனை உண்டு. சில இடங்களில் விரலிலும் மூக்கிலும் மாட்டுகிற சின்னக் கருவியை வீட்டுக்கே கொடுத்தனுப்புவார்கள். தேவையென்றால் முகமூடி வழியாகக் காற்றை மெல்ல அழுத்திக் கொடுக்கும் சிபேப் மெஷினைச் சொல்வார்கள். பழக ஒரு மாதம் ஆகும், பொறுமை வேண்டும். 2023-ல் லோட்ஷெட்டிங், அதாவது முறைவைத்துக் கரண்ட்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்தபோது இந்த மெஷின் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு தனிக்கதை. நடுராத்திரியில் கரண்ட் போனால் பேட்டரி இருந்தால்தான் காற்று. ஒரு எச்சரிக்கையும் இங்கேயே: மூச்சு நிற்கிற தொல்லை உள்ளவர் தானாகத் தூக்க மாத்திரை போடக்கூடாது. சில மாத்திரைகள் தொண்டைச் சதையை இன்னும் தளர்த்தி, மூச்சை மேலும் மந்தமாக்கும்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரிப்பு: தோல் வறண்டுபோவதும், பாஸ்பரஸ் ஏறுவதும், டயாலிசிஸ் போதாமல் இருப்பதும் காரணமாக இருக்கலாம். குளித்த ஈரத்தோடு வாசனையில்லாத க்ரீம் தடவுவது எளிய முதல் படி. மனச்சோர்வு: விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, மனசு கனத்துக் கிடக்கிறது என்றால் அதையும் சொல்லவேண்டும், அது சோம்பலோ பலவீனமோ இல்லை. பிறகு உடம்பின் கடிகாரம். இருட்டியதும் மெலடோனின் என்ற சுரப்பு ஏறி, தூங்கு என்று உடம்புக்குச் சொல்லும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் பலருக்கு அந்த ஏற்றம் மங்கிவிடுகிறது. பகலில் மெஷின் நாற்காலியில் நாலு மணி நேரம் கண்ணை மூடிக் கிடப்பது கடிகாரத்தை இன்னும் குழப்பும்.

தூக்கமின்மைக்கு மட்டும் நேரடியாக மருந்து உண்டா? 2024-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், டயாலிசிஸ் செய்துகொள்ளும் 126 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குத் தூக்கப் பழக்கங்களைத் திருத்தும் பேச்சு சிகிச்சை, இன்னொன்றுக்கு டிரசோடோன் மாத்திரை, மூன்றாவதற்கு வெறும் வெற்று மாத்திரை. மூன்றுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. டிரசோடோன் போட்டவர்களிடம் இதயக் கோளாறுகள் கூடுதலாகத் தெரிந்தன. எனக்கு இதைப் படித்ததும் கொஞ்சம் மனம் சோர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் குடைச்சலா, குறட்டையா, அரிப்பா என்று பிரித்துப் பார்க்காமல் தூக்க மாத்திரையில் கைவைப்பதில் பலன் குறைவு என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகப் படுகிறது.

நாங்கள் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. பெரியம்மா காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எழுத்து போட ஆரம்பித்தார். குடைச்சல் வந்த இரவுக்கு "கு", மூச்சு நின்ற இரவுக்கு "மூ", அரித்த இரவுக்கு "அ". ஒரு மாதத் தாளைக் கிழித்து டாக்டரிடம் கொடுத்தோம். "மூ" எல்லாம் ஞாயிறு இரவில் வரிசையாக நின்றது. தமிழ் எழுத்து தெரியாத அந்த டாக்டருக்கே, நாங்கள் விளக்கம் சொல்வதற்குள், அந்த வரிசை கண்ணில் பட்டுவிட்டது. இரும்பு ஏற்றினார்கள். கடை மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். மெஷினில் எவ்வளவு தண்ணீர் எடுத்து எந்த எடையில் இறக்குவது என்பதை மாற்றிப் பார்த்தார்கள். மூச்சுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். இப்போது காலண்டரில் எழுத்து இல்லாத நாட்களும் தெரிகின்றன. எல்லா நாளும் அப்படி இல்லை.

திரும்பி வரும்போது அவர் இன்னும் வண்டியில் தூங்கிப்போவார், தலை கண்ணாடியில் சாய்ந்திருக்கும். வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, இருபது நிமிஷம் விடுவேன். அதற்கு மேல் விட்டால் அன்றைய ராத்திரி போச்சு. நேரம் ஆனதும் பெரியம்மா வெளியே வந்து, விரலால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டுவார்.